ஃபைபர் பெட்டியும் காலி சிலிண்டரும்

போன வாரம் மாடி வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் விரிசல் விட்டுவிட்டது. அதை அடைக்க ஒரு ஆள் வந்திருந்தார். தெருத்தெருவாக மொபெட்டில் கூவிக்கொண்டு போவார்களே, அவர்களில் ஒருவர். நான் அடுப்பில் பால் வைத்துவிட்டு நின்றிருந்தேன். மாடியிலிருந்து ஜன்னல் வழியாக அந்த நெடி இறங்கி வந்ததுதான் தாமதம், என் கை தானாக அடுப்பை அணைத்தது. பிறகு ரெகுலேட்டரை மூடியது. பிறகு வீட்டில் இருக்கிற ஜன்னல் அத்தனையையும் ஓடி ஓடித் திறந்தேன். "என்னம்மா, யாரும் நெயில் பாலிஷைக் கொட்டிட்டாவளா?" என்று மகள் கேட்டாள். நான் கடைசி ஜன்னலின் கொக்கியைத் தள்ளிக்கொண்டிருந்தேன். பால் பொங்கவில்லை, வீடு எரியவில்லை, மாடியில் அந்த ஆள் பாட்டுக்கு விசிலடித்துக்கொண்டு வேலை பார்த்தார். நான் மட்டும் நடுவீட்டில் நனைந்த கோழியாக நின்றேன்.

அது ரெசின் வாசனை. ஃபைபர் கிளாஸ் வேலைக்கு ஊற்றுகிற பிசின். மோந்து பார்க்காதவர்களுக்கு எப்படிச் சொல்ல? வெயிலில் கிடக்கிற புது பிளாஸ்டிக் நாற்காலியையும் நெயில் பாலிஷையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் தொண்டையில் ஒரு தித்திப்பு மாதிரி இருக்கும். நல்லாத்தானே இருக்கிறது என்று தோன்றும். கொஞ்ச நேரத்தில் நெற்றிப்பொட்டு தெறிக்கும். கல்யாணத்துக்கு முன்னால் சில வருஷங்கள் இந்த நெடியில்தான் என் பகல்கள் போயின. தலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்தாலும் போகாது. ஞாயிற்றுக்கிழமை சபையில் என் பக்கத்தில் உட்காருகிற அக்கா பைய நகர்ந்து உட்காருவாள்.

என் அம்மா பாளையங்கோட்டையில் மிஷன் பள்ளிக்கூட டீச்சர். என்னையும் டீச்சராக்க வேண்டும் என்று அவள் வைக்காத ஜெபம் இல்லை. கணக்குக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை கிடையாது என்பது கர்த்தருக்குத் தெரிந்திருந்தது, அம்மாவுக்குத்தான் தெரியவில்லை. கடைசியில் தையல் படித்தேன். தையல் என்றால் ஜாக்கெட், சுடிதார் என்று நினைப்பீர்கள். நான் தைத்தது கார் சீட்டுக்கு உறை. கார் சீட் நல்லது. இடுப்பு இறுக்குகிறது, கழுத்து இறங்கிவிட்டது என்று திரும்பக் கொண்டுவராது. அம்மா மட்டும் சொந்தக்காரர்களிடம் "மக கார் கம்பெனியில இருக்கா" என்று சொல்லி வைத்திருந்தாள்.

கம்பெனி என்பது வண்ணார்பேட்டையிலிருந்து முருகன்குறிச்சி வருகிற ரோட்டில் மைதீன் பாய் வைத்திருந்த கார் அலங்காரக் கடை. முன்னால் மணி கோத்த சீட் விரிப்பு, கண்ணாடியில் தொங்கவிடுகிற பொம்மை, தரைவிரிப்பு. பின்னால் கார்களை ஏற்றி நிறுத்தத் தகரக் கூரை போட்ட ஒரு ஷெட், அதற்குப் பின்னால் இருந்த சந்துப் பக்கமாக ஒரு ஷட்டர். ஷெட்டின் மூலையில் என் தையல் மிஷின். பாய் மேலப்பாளையத்துக்காரர். சத்தம் போட்டுப் பேசமாட்டார். ஆனால் அவர் வயிறு வளர்ந்ததே சத்தத்தால்தான். அப்போது இளவட்டங்களுக்கு ஒரு பைத்தியம் பிடித்திருந்தது. காருக்குள் பாட்டு கேட்டால் போதாது, ரோட்டில் நிற்கிறவனுக்கு நெஞ்சுக்கூடு அதிர வேண்டும். அதற்கு சப்-ஊஃபர் என்று சோற்றுத் தட்டு அகலத்தில் ஒரு ஸ்பீக்கர். காயல்பட்டினத்திலிருந்து வளைகுடாவுக்குப் போன பையன்கள் லீவில் வரும்போது கம்பளிக்குள் சுற்றி அதைக் கொண்டுவருவார்கள். ஸ்பீக்கர் வந்துவிடும், அதற்குப் பெட்டி இங்கேதான் செய்ய வேண்டும். பெட்டி இல்லாத ஸ்பீக்கர் சும்மா இருமும், அவ்வளவுதான். காற்றுப் போகாமல் நாலு பக்கமும் அடைத்த பெட்டிக்குள் உட்கார்ந்தால்தான் அதற்கு அந்த ஆண்குரல் வரும்.

மரப்பெட்டி செய்தால் டிக்கி முழுக்க அதற்கே சரியாகிவிடும். ஃபைபர் என்றால் காரின் மூலை எப்படி வளைகிறதோ அப்படியே ஒட்டி வளையும். அந்த வேலைக்கு பாய் பிடித்து வந்த ஆள்தான் சேவியர். ராதாபுரம், திசையன்விளை எல்லாம் தாண்டிய கடற்கரை ஊர்க்காரர். ஃபைபர் வள்ளங்களுக்கு ஒட்டுப்போட்டுத் தொழில் படித்தவர். "வள்ளத்துக்குள்ள தண்ணி வரப்பிடாது, பெட்டிக்குள்ள காத்து வரப்பிடாது. அம்புட்டுதான் வித்தியாசம்" என்பார். அவருக்கு என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, "டீச்சர் மவளே" என்பார். நான் அவரை எப்படியும் கூப்பிடமாட்டேன். அண்ணே என்று சொல்ல வாய் வரவில்லை. ஏன் வரவில்லை என்பது கொஞ்சம் பிந்தித்தான் எனக்கே விளங்கியது.

வேலை பார்க்க அழகாக இருக்கும். டிக்கி மூலையில் டேப்பை நெருக்கமாக ஒட்டி, மெழுகு தடவி, அதன்மேல் கண்ணாடி இழைப் பாயைக் கையால் பிய்த்துப் பிய்த்து வைப்பார். கத்தரித்தால் ஓரம் தனியாகத் தெரியுமாம், பிய்த்தால் ஒன்றுக்குள் ஒன்று கலந்துவிடுமாம். பிரஷ்ஷால் ரெசினைக் குத்திக் குத்தி நனைப்பார். காய்ந்ததும் பெயர்த்தால் காரின் மூலை அப்படியே கையோடு வந்துவிடும். முன்பக்கத்துக்கு, ஸ்பீக்கர் உட்காரும் மர வளையத்தைக் குச்சிகளில் முட்டுக்கொடுத்து நிறுத்தி, அதற்கும் அடிப்பகுதிக்கும் சேர்த்து பனியன் துணியை இழுத்துப் போர்த்த வேண்டும். அது என் வேலை. ஒரு சுருக்கம் விழக்கூடாது. போர்த்திய துணியில் ரெசினை ஊற்றினால் கொஞ்ச நேரத்தில் துணி துணியாக இருக்காது, ஆமை ஓடாகிவிடும். தட்டினால் டொக்கென்னும். அந்த டொக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கர்வமாக இருக்கும். கூடவே கழுத்தெல்லாம் அரிக்கும். கண்ணாடித் தூசி அது, தேங்காய் எண்ணெய் தடவினாலும் ஒரு நாள் பூராவும் விடாது.

அந்த ஷெட்டில் பயப்பட வேண்டியது நிறைய இருந்தது. ரெசினை இறுக வைக்க இரண்டு மருந்து உண்டு. ஒன்று தண்ணீர் மாதிரி, இன்னொன்று கத்திரிப்பூ நிறம். இரண்டையும் தனித்தனியாக ரெசினில் கலக்கலாம். ஒன்றோடொன்று நேராகச் சேர்ந்தால் பொசுக்கென்று தீப்பிடித்துக்கொள்ளும். சேவியர் இரண்டையும் ஷெட்டின் எதிரெதிர் மூலையில் வைத்திருப்பார். "இது மாமியாரு, அது மருமவ. ரெண்டு பேரையும் ஒரு ரூம்ல விட்டுட்டு நான் டீ குடிக்கப் போவமாட்டேன்" என்பார். மருந்து கூடிப்போன நாளில் தகர டப்பா தானாகச் சுட்டுப் புகையும். தூக்கிக்கொண்டு வெளியே ஓடுவோம். சிரித்துக்கொண்டேதான் ஓடினோம்.

அவருடைய மூக்கு செத்துப்போனது எப்போது என்று தெரியாது. ஒரு மழைக்காலத்தில் எனக்குச் சந்தேகம் வந்தது. அவர் கொண்டுவந்த சாம்பார் ஊசிப்போய் ஷெட்டே நாறுகிறது, அவர் பாட்டுக்குப் பிசைந்து சாப்பிடுகிறார். இன்னொரு நாள் மண்ணெண்ணெயில் நனைந்த சட்டையைப் போட்டுக்கொண்டு வெல்டிங் பட்டறை வாசலில் நின்று கதையடித்துக்கொண்டிருந்தார். நான் ஒரு சோதனை வைத்தேன். நெத்திலிக் கருவாட்டைக் காகிதத்தில் மடித்து, அவர் உட்காருகிற பலகைக்கு அடியில் வைத்துவிட்டேன். பாய் வந்தார், மூக்கைப் பொத்தினார். சீட் வாங்க வந்த ஒரு டாக்டர் அம்மா வாசலோடு திரும்பிப் போனார். பூனை இரண்டு வந்து பலகையைச் சுற்றின. கடற்கரையில் பிறந்த மனுஷன், கருவாட்டின் மேலேயே உட்கார்ந்து உப்புத்தாள் தேய்த்துக்கொண்டிருந்தார். "பூனைக்கு என்ன வேணுமாம்?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. பலகைக்கு அடியிலிருந்து பொட்டலத்தை உருவி அவர் முன்னால் காட்டினேன்.

"உங்களுக்கு மோப்பமே போயிட்டு. டாக்டர்ட்ட காட்டுங்க" என்றேன்.

"நல்லதாப் போச்சு. இனிமே பாய் கடை கக்கூசுக்கு நிம்மதியாப் போலாம்லா" என்றார். பிறகு உப்புத்தாளைக் கீழே வைத்தார். "வீட்டுல யாருக்கும் சொல்லிராத. எங்கம்மை பயந்துருவா" என்றார்.

நான் பாயிடம் சொன்னேன். "சளி புடிச்சிருக்கும் மகளே, ஆவி புடிக்கச் சொல்லு" என்றார் பாய். ஆனாலும் மறுநாளே எல்லாருக்கும் முகமூடி வாங்கி வந்தார். சேவியர் அதைத் தாடைக்குக் கீழே இறக்கிவிட்டு, தாடிக்குக் காவல் வைத்தார். வேர்க்கிறதாம். நெருப்பும் ரெசினும் மருந்தும் இருக்கிற இடத்தில், தீய்ந்தாலும் கசிந்தாலும் தெரியாத ஒரு ஆள். என் மிஷினை அவர் இருக்கிற பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டேன். கண்ணால் தைத்தேன், மூக்கால் காவல் காத்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு வாசனை புதிதாக வந்தால் முதலில் அவர் கையைத்தான் பார்ப்பேன்.

அடுத்த ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்ட நேரம். ராதாபுரத்திலிருந்து ஒரு அண்ணாச்சி வெள்ளை வேனை ஓட்டிக்கொண்டு வந்தார். பெயர் செல்லத்துரை என்று வைத்துக்கொள்வோம். சவாரி வேன். கல்யாணம், கோயில், கன்னியாகுமரி, பள்ளிக்கூடச் சுற்றுலா எல்லாம் போகும். பாட்டு டமடமவென்று அடிக்காத வேனைப் பையன்கள் கூப்பிடுவதில்லையாம். "பெட்டி போடணும்வே" என்றார். அதில் ஒன்றும் புதுமை இல்லை. வேனின் பின்கதவைத் தூக்கினார். கடைசி சீட்டுக்குப் பின்னால், சமையல் கேஸ் சிலிண்டர் ஒன்று படுத்திருந்தது.

அந்தக் காலத்தில் இது ஊரறிந்த ரகசியம். பெட்ரோல் விலைக்குப் பயந்து வீட்டு சிலிண்டரில் வேன் ஓட்டினார்கள். வழியில் நிறுத்திப் பின்கதவைத் திறந்து பார்த்தால் மாட்டிக்கொள்வார்கள். அண்ணாச்சிக்கு வேண்டியது இதுதான்: சிலிண்டரை மூடி ஒரு ஃபைபர் கூடு, அதன்மேலேயே ஸ்பீக்கர் பெட்டி. திறந்து பார்த்தால் பாட்டுப் பெட்டி மட்டும் தெரிய வேண்டும்.

"காத்துப் போவாம அடைச்சிட்டா உள்ள கசிஞ்சா வெளிய தெரியாது அண்ணாச்சி" என்றார் சேவியர்.

"கசியாதுவே. நான் என் பொண்டாட்டி புள்ளைய ஏத்திட்டுப் போற வண்டி. எனக்கு உசுரு இல்லையா?"

அந்தப் பதிலில் ஆள் விழுந்துவிடுவார் என்று எனக்குத் தெரியும். யாராவது பிள்ளைகுட்டியைச் சொன்னால் சேவியருக்கு வாயடைத்துவிடும். பாய்க்கும் இந்த வேலை பிடிக்கவில்லை. தாடியைத் தடவிக்கொண்டே நின்றார். ஆனால் அண்ணாச்சி பழைய வாடிக்கை, அவர் சொல்லி வந்த வேன்கள் நிறைய. "அளவு பாக்க மட்டும் சிலிண்டர் உள்ள இருக்கட்டும். காலி சிலிண்டர்தானே?" என்றார் பாய். "காலிதான் பாய். ஆட்டிப் பாருங்க, ஒண்ணும் கிடையாது" என்றார் அண்ணாச்சி.

எனக்கு வாய் சும்மா இருக்காது. "எங்க வீட்டுல காலின்ன பெறகும் சாய்ச்சு வச்சு ஒரு நேரம் சோறு பொங்குவோம் அண்ணாச்சி" என்றேன்.

"டீச்சர் மவ சயின்ஸ் பாடம் நடத்துதா" என்று அவர் சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்து வைத்தேன்.

நம் வீடுகளில் அடுப்பு அணைந்தால் சிலிண்டர் காலி. மனுஷருக்கு அது போதும். ஆனால் அந்த மிச்சம் உள்ளேதான் இருக்கிறது. வேனில் படுத்த வாக்கில் கிடந்த சிலிண்டரில் எவ்வளவு இருந்தது என்று எங்களில் யாருக்கும் தெரியாது. எடுத்து வெளியே வைக்கவும் இல்லை. மழைக்கு வேன் ஷெட்டுக்குள்ளேயே நின்றது, சிலிண்டரும் அதற்குள்ளேயே கிடந்தது. ஈரத்தில் ரெசின் இறுகவே மாட்டேன் என்றது. மருந்தைக் கூட்டினார், கூட்டினால் புகைந்தது. துணியைப் போர்த்த நான் குனிந்தபோதெல்லாம் அந்தச் சிவப்பு உருளை என் முழங்காலில் பட்டது. கெட்ட கனவு கண்ட மாதிரி கையை இழுத்துக்கொள்வேன். வேலை மட்டும் அபாரம். சொல்லாமல் இருக்க முடியாது. வேனின் பின்பக்கம் முழுவதும் ஒரே வளைவாக, எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரியாமல், கறுப்புக் கம்பளி ஒட்டி அது உட்கார்ந்திருந்தது. அதன் கீழே என்ன கிடக்கிறது என்று செய்தவர்களுக்கு மட்டும்தான் தெரியும்.

இங்கே பத்தி காட்டுவதைச் சொல்ல வேண்டும். பெட்டியில் ஊசித்துளை இருந்தாலும், பாஸ் என்கிற அந்த அடித்தொண்டைச் சத்தம் அடிக்கும்போது அதன் வழியாகக் காற்று பீறிடும். கண்ணுக்குத் தெரியாது. அதனால் சேவியர் பெட்டியை ஓடவிட்டு, ஊதுபத்தியைக் கொளுத்தி ஓரம் முழுக்கப் பைய நகர்த்திக்கொண்டே போவார். புகை நேராக எழுந்தால் பெட்டி சுத்தம். துடித்தால் அங்கே ஓட்டை, சுண்ணாம்புக் கட்டியால் குறி போடுவார். வாடிக்கைக்காரர்கள் அதைப் பூஜை என்று நினைத்துச் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பார்கள். கிறிஸ்தவர் கையில் ஊதுபத்தி, பக்கத்தில் பாய் பயபக்தியோடு நிற்கிறார். நான் மிஷினில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரிப்பேன். எங்கள் ஷெட்டில் பத்தி காட்டாமல் ஒரு பெட்டியும் வெளியே போனதில்லை.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. பாய் ஜும்மா தொழுகைக்குப் போயிருந்தார். கறுப்பு நூல் தீர்ந்துவிட்டதால் நான் குடையை எடுத்துக்கொண்டு முருகன்குறிச்சிக்குப் போனேன். மழை சாய்ந்து அடித்ததால் சேவியர் ஷட்டரை முக்கால்வாசி இறக்கி வைத்திருந்தார். போகும்போதே மூலையில் ஒரு டப்பா ரெசின் கலந்து வைத்திருந்ததைப் பார்த்தேன். நெடி கண்ணைக் கரித்தது.

திரும்பி வரும்போது தெருமுனையிலேயே பாஸ் கேட்டது. டம், டம் என்று ஒரே சீராக. தகரக் கூரை அதிர்ந்தது. ஷட்டருக்குக் கீழே குனிந்து உள்ளே நுழைந்தேன். ரெசின் நெடிதான் முதலில் முகத்தில் அறைந்தது. அதற்குக் கீழே இன்னொன்று இருந்தது, தரையோடு தரையாக. குனிந்து நுழைந்ததால்தான் அது எனக்குக் கிடைத்தது. நிமிர்ந்து நடந்து வந்திருந்தால் ரெசின் அதை மறைத்திருக்கும். அழுகின முட்டைக்கோஸ். கேஸ்.

சேவியர் வேனின் பின்னால் எனக்கு முதுகைக் காட்டிக் குந்தியிருந்தார். வாயில் ஊதுபத்தியைக் கவ்வியிருந்தார். இரண்டு கையும் தீப்பெட்டியில் இருந்தது. மழை ஈரத்தில் குச்சி நமுத்துப்போய் ஒன்று பிடிக்கவில்லை போலிருக்கிறது, அதைத் தரையில் போட்டுவிட்டு அடுத்ததை எடுத்துக்கொண்டிருந்தார்.

கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியாது. பாஸ் அதை அப்படியே விழுங்கிவிட்டது. என் குரல் எனக்கே கேட்கவில்லை. கையில் இருந்த குடையை வீசினேன். குறி பார்த்து எறிந்தேன் என்று இன்றைக்கு வீட்டில் பெருமையடித்துக்கொள்வதுண்டு, அது பொய். கண்ணை மூடிக்கொண்டுதான் எறிந்தேன். ஈரக் குடை அவர் தோளில் விழுந்து தண்ணீர் தெறித்தது. திடுக்கிட்டுத் திரும்பினார். ஓடிப்போய்த் தீப்பெட்டியைப் பிடுங்கினேன்.

"என்னட்டி, கிறுக்குப் பிடிச்சிட்டா?"

"கேஸ்! கேஸ் அடிக்கி!" என்று அவர் காதோடு கத்தினேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு முகத்தை உயர்த்தி, நிதானமாக, ஒரு மூச்சு இழுத்தார். இன்னொரு மூச்சு. "ஒண்ணும் வரலியே" என்றார்.

அதை அவர் நம்பித்தான் சொன்னார். பிறகு என் முகத்தில் எதையோ பார்த்திருக்க வேண்டும். அவருடைய கண்கள் மெதுவாகப் பெட்டிப் பக்கம் திரும்பின. அதற்குள் என்ன இருக்கிறது, தன் மூக்கில் என்ன இல்லை, இரண்டும் ஒரே நேரத்தில் அவருக்கு விளங்கியது. உதடு வெளுத்துவிட்டது. வாயிலிருந்த பத்தி தானாகக் கீழே விழுந்தது.

எந்தச் சுவிட்சையும் தொடக்கூடாது என்று எங்கேயோ படித்திருந்தேன். அம்மா டீச்சராக இருந்ததில் கிடைத்த ஒரே லாபம். பாட்டை நிறுத்தவில்லை. ஷட்டர் இரும்பு, உரசினால் பொறி பறக்குமோ என்று அதையும் கையால் பைய, பைய மேலே ஏற்றினோம். ஷெட் தரை சந்துப் பக்கமாகச் சரிவு. இரண்டு பேரும் வேனின் முன்பக்கத்தில் தோள் கொடுத்துத் தள்ளினோம். டம், டம் என்று அடித்துக்கொண்டே வேன் பின்னோக்கி மழைக்குள் இறங்கியது. கல்லூரிப் பையன்கள் நான்கைந்து பேர் எதிர்க்கடைத் தாழ்வாரத்தில் ஒதுங்கி நின்றிருந்தார்கள். ஒரு ஆணும் பெண்ணும் கொட்டுகிற மழையில் பாட்டு போட்டுக்கொண்டு வேன் தள்ளுகிறதைப் பார்த்து விசிலடித்தார்கள். கையைத் தட்டினார்கள். ஒருத்தன் ஆடவே தொடங்கிவிட்டான். எனக்கு அழுகை வந்தது.

நடுச்சந்தில் வைத்து சேவியர் அந்தக் கூட்டை நெம்பிப் பெயர்த்தார். அதுவரை அடைபட்டுக் கிடந்தது ஒரே மூச்சில் வெளியே வந்தது. விசிலடித்த பையன்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள். "ஏ, கேஸு! கேஸு!" என்று கத்திக்கொண்டே டீக்கடைக்காரர் தன் அடுப்பை அணைத்தார். பாஸ் அடித்த அதிர்வில் சிலிண்டர் டியூப் கழன்று, காலி என்று சொன்ன சிலிண்டர் நான் நூல் வாங்கப் போன நேரம் முழுவதும் அந்தக் கூட்டுக்குள் கசிந்துகொண்டிருந்திருக்கிறது. எங்கேயோ ஒரு ஊசித்துளை போக, மற்றதையெல்லாம் வெளியே விடாமல் பிடித்து வைத்திருந்தது எங்கள் வேலை. பெட்டி அவ்வளவு சுத்தம். சுத்தமா என்று பார்க்கத்தான் அவர் நெருப்பு எடுத்தார்.

பாய் தொப்பி நனைய வந்து பார்த்தார். ஒன்றும் கேட்காமல் சேவியரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "லே சேவியரு, ஒனக்கு ஒண்ணுமே தெரியலியாலே?" என்றார். சேவியர் இல்லை என்று தலையாட்டினார். "யா அல்லா" என்று பாய் அந்த ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். சாயந்திரம் சேவியர் சுத்தியலை எடுத்து அந்தக் கூட்டைத் துண்டு துண்டாக உடைத்தார். என் ஒரு வாரத் தையலும் அதில் போனது. உடைபட உடைபட எனக்கு மூச்சு லேசானது.

செல்லத்துரை அண்ணாச்சி வந்தார், இனி சிலிண்டருக்குக் கூடு போடமாட்டோம் என்று சேவியர் சொன்னதும் சத்தம் போட்டார். "நீரு இல்லன்னா ஊருல வேற ஆளு இல்லையாவே?" என்று சொல்லிவிட்டு வேனை எடுத்துக்கொண்டு போனார். மார்கழியில் ஒரு நாள் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் நானும் சேவியரும் நின்றிருந்தபோது ஒரு வெள்ளை வேன் எங்களைத் தாண்டிப் போனது. உள்ளே பெண்களும் பிள்ளைகளும் கைதட்டிப் பாடிக்கொண்டிருந்தார்கள். பின் கண்ணாடியில் கறுப்பாக ஒரு வளைவு தெரிந்தது. எங்கள் வளைவு மாதிரியே. சேவியர் பின்னாலேயே ஓடினார், சிக்னல் வரை ஓடினார். போய்விட்டது. ராதாபுரத்துக்கும் தேடிப் போனார். வேனை விற்றாயிற்று, யாருக்கு என்று ஞாபகம் இல்லை என்றார்கள். ஒன்றும் நடந்திருக்காது என்றுதான் சொல்லிக்கொள்கிறோம். ஆனால் பேப்பர் வந்ததும் நான் விபத்துச் செய்தியைத்தான் முதலில் பார்க்கிறேன்.

சில பேருக்கு மோப்பம் திரும்ப வரும், சில பேருக்கு வராது என்றார் பாளையங்கோட்டை டாக்டர். சேவியருக்கு வரவில்லை. பாய் அதோடு ஃபைபர் வேலையை விட்டார். சேவியர் கடைகளுக்குக் கண்காணிப்புக் கேமரா மாட்டுகிற வேலைக்கு மாறினார், இன்றைக்கும் அதுதான். என்னைக் கட்டிக்கொள்ளக் கேட்டபோது, "எனக்கு ஒரு மூக்கு வேணும்ட்டி" என்றார். இதைவிட மோசமாக யாரும் கேட்டிருக்க முடியாது. அம்மா, நாம் புராட்டஸ்டன்ட் சபை, அவர்கள் கத்தோலிக்கக் கோயில் என்று கொஞ்ச நாள் சாப்பிடாமல் இருந்து பார்த்துவிட்டுச் சம்மதித்தாள்.

கல்யாணம் முடிந்து முதல் தடவையாக அவருடைய ஊருக்கு பஸ்ஸில் போனோம். நடுவில் சில வருஷங்கள் அவர் ஒரு பழைய பைக்கில்தான் ஊருக்குப் போய்வந்திருந்தார். ஏறி உட்கார்ந்ததும், இந்த பஸ்ஸில் எப்போதும் தூங்கிக்கொண்டுதான் போவேன் என்றார். சின்ன வயதிலிருந்தே அப்படித்தானாம். திசையன்விளை தாண்டி, செம்மண் காடு முடிகிற இடத்தில் கடல் வாடை உள்ளே வரும், அதில் தானாக முழிப்பு வந்துவிடும், கண்டக்டர் எழுப்பியதே இல்லை என்றார். "கடலு என்னய எழுப்பிரும்" என்று சொல்லிவிட்டு, பழக்கத்தில் என் தோளில் சாய்ந்து தூங்கியும் விட்டார். அவர் என்ன சொன்னார் என்பது எங்கள் இரண்டு பேருக்குமே அப்போது உறைக்கவில்லை. நான் பாளையங்கோட்டைக்காரி. எனக்குத் தெரிந்த தண்ணீர் தாமிரபரணி. உப்பும் மீனுமாக ஒரு வாடை வந்தது, யாரோ கூடையோடு ஏறியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அவர் நன்றாகத் தூங்கினார். அவருடைய கோயில் வந்தது, அவருடைய தெரு வந்தது, மாலையோடு எங்களுக்காக நின்றிருந்த நாலைந்து பேர் ஜன்னலில் வந்து போனார்கள். பஸ் அடுத்த ஊரில் போய் நின்றபோது கண்டக்டர்தான் தட்டி எழுப்பினார்.

இறங்கி ரோட்டோரத்தில் நின்றோம். பனை இடைவெளியில், கூப்பிடு தூரத்தில் கடல் கிடந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். முகத்தைக் கொஞ்சம் தூக்கினார்.

"இங்கன வாடை அடிக்கா?" என்றார்.

"அடிக்கி."

"நல்லா அடிக்கா?"

"நல்லா அடிக்கி."

சரி என்று தலையாட்டிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்த வழியே நடக்க ஆரம்பித்தார். அதற்குப் பிறகு எத்தனையோ தடவை அந்த பஸ்ஸில் போய்விட்டோம். நான் முழித்திருக்கிறேன், எழுப்புகிறேன், தூங்குங்கள் என்று எவ்வளவோ சொல்லிவிட்டேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தபடியே வருகிறார். அவர் ஒருநாளும் தூங்கவில்லை.